ஈரம் புகாத அறை

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். அவருடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக், எல்லோருக்கும் சின்னவன். சின்னவனின் மனைவி, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். இரண்டு ஆண்களுக்கும் நடுவில் பிறந்த சகோதரி. ஐம்பதைத் தொட்ட பிறகும் வீட்டில் அவள் பாப்பா, வெளியே டிரைவிங் ஸ்கூலில் எல்லோரையும் நடுங்க வைக்கும் மேடம். அவளுடைய கணவர், பேக்கரி மாஸ்டர். ஆறாவது ஆள் கிடையாது. பின்னால் பலரும் தாங்களே கதவருகில் நின்றதுபோலப் பேசிவிட்டதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

சின்னவனின் பைத்தியம் தெருவுக்கே தெரிந்ததுதான். அலுவலகங்கள் குப்பையில் போடும் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து பிராசஸரைப் பிடுங்கி வந்து, அதைச் செய்த கம்பெனிக்காரன் கனவிலும் நினைக்காத வேகத்துக்கு விரட்டுவான். விரட்டினால் அது கொதித்துச் செத்துப்போகும். அதனால் அதன் தலைமேல் ஒரு செம்புக் குவளையை நிறுத்தி, அதில் திரவ நைட்ரஜனை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுகிற கை மாஸ்டருடையது. வாரம் முழுவதும் அடுப்பில் வேகிறவர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் பனியில் கை நனைப்பார். உலகம் முழுக்க இப்படி விரட்டுகிறவர்களுக்கென்று ஒரு தளம் இருக்கிறது. பை என்ற எண்ணைக் கோடிக்கணக்கான தசமங்களுக்கு யாருடைய பழைய பிராசஸர் சீக்கிரம் கணக்கிடுகிறதோ, அவர் முதலிடம்.

போன மாதம் அந்த முதலிடம் சின்னவனுக்கு வந்தது. போன வாரம் போனது. கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டு நேரத்தைக் குறைத்துக் காட்டினான் என்று எவனோ புகார் எழுதினான். தளத்தில் சின்னவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

விஷயம் தெரிந்ததிலிருந்து பெரியவர் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பது வருஷம் கடை கடையாக ஏறித் தராசைப் பிடித்துப் பார்த்த மனிதர்.

"தராசுல கை வெச்சவன்னு நம்ம வீட்டு ஆளையா சொல்றான்? அவன் யாருன்னு சொல்லு, நான் போய்ப் பேசறேன்."

"அவன் வேற கண்டத்துல இருக்கான் அண்ணா" என்றான் சின்னவன்.

"எந்தக் கண்டமா இருந்தா என்ன? வாய் ஒண்ணுதானே!"

தளத்தின் நடுவர் ஒரு பெண்மணி. எங்கோ கணக்கு ஆசிரியை. மறுபடி ஒரு முறை செய்து காட்ட அவகாசம் கொடுத்தார். ஒரே வீடியோ, இடையில் வெட்டு இருக்கக் கூடாது. பக்கத்தில் வெளிக்கடிகாரம் தெரிய வேண்டும். தளத்துக் குழுவில் இல்லாத ஒருவர் சாட்சி. இந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முடிக்க வேண்டும்.

சாட்சியாகத் தாமே நிற்பதாகச் சொன்னார் பெரியவர். அதோடு நிற்கவில்லை. நடுவர் கேட்காத ஒரு நிபந்தனையையும் தாமாகவே எழுதி அனுப்பினார். கணக்கு தொடங்கி விடை வரும்வரை அறை முத்திரையிடப்பட்டிருக்கும். யாரும் உள்ளே போக மாட்டார்கள், வெளியே வர மாட்டார்கள். முத்திரை உடைந்தால் ஸ்கோர் செல்லாது. இதைப் படித்து நடுவரே அசந்துபோனாராம். நல்ல யோசனை என்று விதியிலேயே சேர்த்துவிட்டார்.

* * *

காலையிலிருந்து மழை விடவில்லை.

"இந்த நாசமாப் போன மழை இன்னிக்கா பெய்யணும்!" என்று சின்னவன் முனகிக்கொண்டே ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டினான். வழக்கமாக ஜன்னலை அகலத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டுத்தான் இந்த வேலை நடக்கும். போன வாரம் ஈரக்காற்றில் குவளையைச் சுற்றிப் பனி கட்டி, அது உருகி, போர்டு ஒன்று கண்ணெதிரே செத்தது. இந்தப் பிராசஸருக்குப் பொருந்துகிற போர்டு இனி ஒன்றுதான் இருந்தது. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் தேடிப் பிடித்தது. அதுவும் போனால் சிவப்புப் புள்ளி காலத்துக்கும் நிற்கும்.

அதனால் அறைக்குள் ஈரம் ஒரு பொட்டு நுழையக் கூடாது. ஜன்னலில் டேப். காற்றுத் துவாரத்தில் நுரை ரப்பர். கதவின் இடுக்கிலும் உள்பக்கம் டேப். மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் உறுமியது. முன்பு பெட்டிகள் அடுக்கிவைத்த சிற்றறை அது. மேசை, இரண்டு ஸ்டூல், இடுப்புயர நைட்ரஜன் பாத்திரம். அதற்குமேல் இரண்டு ஆள் நிற்க இடம், அவ்வளவுதான்.

"ஒரு ஓரமா கொஞ்சம் திறந்து வைங்களேன்" என்றாள் சின்னவன் மனைவி. "ரெண்டு பேர் உள்ளே இருக்கீங்க. எனக்கு என்னவோ மாதிரி இருக்குங்க."

"திறந்தா போர்டு போயிடும்."

"போனா போகட்டும்."

சின்னவன் அவளைப் பார்த்தான். போர்டு போனால் என்ன போகும் என்று அவளுக்கும் தெரியும். அவன் வேலை செய்யும் இடத்தில்கூட இரண்டு பேர் அந்தச் சிவப்புப் புள்ளியைப் போனில் காட்டிச் சிரித்திருந்தார்கள்.

"பயப்படாதம்மா" என்றார் மாஸ்டர், பெரிய கையுறையை மாட்டிக்கொண்டே. "அடுப்பு ரூமைவிட இது எவ்வளவோ தேவலை. அங்கே நான் வெந்துக்கிட்டே இருக்கேன். இங்கே கெட்டுப்போகாம இருப்பேன்."

பாப்பா சிரிக்கவில்லை. "கெட்டுப்போறதுக்கு உங்ககிட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கு? சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க."

அதுதான் அவள் அவரிடம் கடைசியாகச் சொன்னது.

கதவு மூடியது. உள்ளே டேப் கிழிகிற சத்தம், ஒட்டுகிற சத்தம். வெளியே பெரியவர் வெள்ளைத் தாள் பட்டை ஒன்றைக் கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். பிறகு நாற்காலியைக் கதவெதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கதவின் மேல்பாதியில் ஒரு கண்ணாடி பதித்திருந்தது. அதன் வழியே மேசை, திரை, குவளை, ஸ்டாண்டில் நின்ற போன், எல்லாம் தெரிந்தன. போன் வழியே நடுவரும், குழுவினரும், புகார் எழுதியவனும்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கையில் அவருடைய பழைய ஸ்டாப் வாட்ச்.

அவருக்கு அப்போது ஒரே ஒரு பயம்தான். எண் வராமல் போய்விட்டால்?

* * *

கணக்கு உடனே தொடங்கிவிடவில்லை. முதலில் பிராசஸரைக் குளிர வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வேகம் அளவு மீறினால் நின்றுபோகும். மறுபடி ஓடவிட வேண்டும். மாஸ்டர் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஊற்றிய நைட்ரஜன் குவளையிலிருந்து வெண்புகையாக எழும்பி, மேசை விளிம்பில் வழிந்து, தரைக்கு இறங்கி மறைந்தது. மறைந்ததே தவிர அறையைவிட்டு எங்கும் போகவில்லை. போக வழி வைக்கவில்லை. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, நெஞ்சை அடைக்காது, இருமல் வராது. நல்ல காற்றை மெல்ல மெல்லத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும்; காற்றுக் குறைந்தவனுக்கு முதலில் வருவது போதை போன்ற ஒரு மயக்கம்தான்.

சின்னவனுக்கு இது தெரியாதா? தெரியும். திறந்த ஜன்னலோடு இத்தனை வருஷம் செய்து பழகியவனுக்கு, அந்த ஜன்னல் எதற்காகத் திறந்திருந்தது என்பது மறந்துபோயிருந்தது. ஈரம், ஈரம் என்று ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். திரையில் கணக்கு ஓடத் தொடங்கியது. பெரியவர் வாட்சை அழுத்தினார்.

பாதிக் கணக்கு தாண்டியிருக்கும். சின்னவன் சிரித்தான்.

சாதாரணச் சிரிப்பு அல்ல. தோள் குலுங்க, வாயைத் திறந்து, திரையைப் பார்த்துச் சிரித்தான். திரையில் சிரிக்க ஒன்றும் இல்லை. வரிவரியாக எண்கள் மட்டும்தான்.

"எதுக்கு இவரு சிரிக்கிறாரு மாமா?" சின்னவன் மனைவி கண்ணாடியருகே வந்தாள்.

"நல்லா போகுது போல. சந்தோஷம்" என்றார் பெரியவர்.

"அவரு இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே."

மாஸ்டர் ஊற்றிய நைட்ரஜன் குவளையில் விழாமல் மேசையில் விழுந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எத்தனையோ வருஷமாகக் கேக்மேல் எழுத்து எழுதுகிற கை அது. ஒரு சொட்டு பிசகாது. பாப்பா எழுந்தாள்.

"அண்ணா, அவரு சாயறாரு."

"குளிரும்மா. செவுத்துல சாஞ்சுக்கறாரு."

"இல்ல. கண்ணைப் பாரு. எங்கேயோ பார்க்கறாரு." அவள் கை கதவுப் பிடியில் விழுந்தது.

பெரியவர் அந்தக் கையைப் பிடித்தார். "பாப்பா! முத்திரை!"

"முத்திரையாவது மண்ணாவது, விடு!"

"இன்னும் கொஞ்சம்தான். இப்போ திறந்தா திருட்டுப் பயலுங்கன்னு ஊர் உலகம் பூரா சொல்லும். கொஞ்சம் பொறு."

அவள் பொறுத்தாள். சிறு வயதிலிருந்து அண்ணன் பொறு என்றால் பொறுத்தவள். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது, அவள் துடைத்தாள், மறுபடி மங்கியது.

அவள் மறுபடி துடைத்தபோது மாஸ்டர் நின்ற இடத்தில் இல்லை.

ஆள் விழும்போது நைட்ரஜன் பாத்திரத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தார். மிச்சமிருந்த அத்தனையும் தரையில் கொட்டி, வெண்புகை முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. அவர் அதற்குள் எங்கோ கிடந்தார். சின்னவன் ஸ்டூலில் இருந்தபடியே திரும்பி அந்தப் புகையைப் பார்த்தான். குனிய வேண்டும், தூக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சிரித்த முகத்தோடு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டான், தூக்கம் வந்தவன்போல.

இத்தனை வயதில் பெரியவர் அறிந்த பயமெல்லாம் அவமானத்தைப் பற்றியது. இது வேறு. கையெழுத்துப் போட்ட தாள் கண்ணெதிரே இருந்தது. அதற்கு மேலே கண்ணாடிக்குள் அவர் தம்பியின் தலை.

தாளைக் கிழித்தார். கதவை இழுத்தார். வரவில்லை. உள்ளே ஒட்டிய டேப் விடவில்லை.

"இழு பாப்பா!"

இரண்டு பேரும் பிடியைப் பற்றி இழுத்தார்கள். டேப் நீளமாக அலறிக்கொண்டு கிழிந்தது. கதவு திறந்ததும் மழை ஈரம் நிறைந்த கூடத்துக் காற்று உள்ளே பாய்ந்து, அந்தக் குளிரில் பட்டு, அறையே ஒரு வெள்ளைச் சுவராக மாறியது. எதிரே இருப்பது தெரியவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுப் போ! உள்ளே மூச்சு விடாதே!" பாப்பா கத்தினாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பிரேக் பிரேக் என்று கத்துகிற அதே குரல்.

பெரியவர் போனார். காலில் தட்டுப்பட்டது மாஸ்டர். அக்குளில் கைகொடுத்து இழுத்தார். முதுகு பிடித்துக்கொண்டது. பாப்பா வாசலில் நின்று கணவரின் காலரைப் பற்றி இழுத்துக் கூடத்தில் போட்டாள். பெரியவர் வெளியே தலையை நீட்டி ஒரு வாய்க் காற்று வாங்கி மறுபடி போனார். சின்னவன் கனமாக இருந்தான். ஸ்டூல் கவிழ்ந்தது. அவனை இழுத்துக்கொண்டு வரும்போது பெரியவரின் கண் தற்செயலாகத் திரைமேல் பட்டது. புகைக்குள் பச்சையாக வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கணக்கு முடியவில்லை. குவளையில் மிச்சமிருந்த குளிரில், யாரும் இல்லாமல், அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவன் மனைவி எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டிருந்தாள். ஒரு கையில் போன், ஆம்புலன்சுக்கு முகவரி சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் மேசை விசிறியைத் தூக்கிவந்து தரையில் வைத்தாள். மழை கூடத்துக்குள் அடித்தது. ஈரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

* * *

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோடு சேர்த்துத் திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தன. சின்னவனுக்கு ஆம்புலன்சிலேயே நினைவு வந்துவிட்டது. மாஸ்டருக்கு வரவில்லை. விழும்போது தலையிலும் அடி. தரையோடு தரையாகக் கிடந்ததால் காற்றே இல்லாத இடத்தில் கிடந்திருக்கிறார்.

டாக்டர் வெளியே வந்தார். இளம் வயதுக்காரர், நிற்க நேரமில்லாதவர்.

"விழுந்ததுலேர்ந்து வெளியே இழுத்த வரைக்கும் எவ்வளவு நேரம் இருக்கும்? அது எனக்குச் சரியாத் தெரியணும்."

பெரியவர் வாயைத் திறந்தார். ஸ்டாப் வாட்ச் இன்னும் அவர் சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்தது. அது கணக்கு தொடங்கிய நேரத்தைச் சொல்லும். மனிதன் விழுந்த நேரத்தைச் சொல்லாது.

"தெரியல" என்றார்.

எதையும் அளக்காமல் விட்டதில்லை என்று பெருமை பேசிய மனிதர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சுமாரா?"

"விழுந்த உடனே திறக்க ஆரம்பிச்சோம் டாக்டர்" என்றாள் பாப்பா. "டேப் ஒட்டியிருந்ததால கொஞ்ச நேரம் ஆச்சு." பிறகு குரலைத் தாழ்த்தாமல் சேர்த்தாள். "ஆனா விழறதுக்கு முன்னாடியே நான் கதவுல கை வெச்சேன்."

டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சின்னவனைப் பார்க்க விட்டார்கள். முகத்தில் மாஸ்க். அதை விலக்கிக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "எண் வந்துச்சா?"

அவன் மனைவி அழுகையும் ஆத்திரமுமாக, "அத்தானைப் பத்திக் கேட்கத் தோணலையா உங்களுக்கு?" என்றாள்.

"அத்தானுக்கு என்ன?" என்றான் சின்னவன். அவனுக்கு ஒன்றுமே நினைவில்லை. சொன்னார்கள். சொன்ன பிறகு அவன் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். மாஸ்க்குக்குள் அழுகிறவனுக்கு ஆறுதல் சொல்ல எவருக்கும் கை நீளவில்லை.

மாலை ஆகிக்கொண்டிருந்தது. வராந்தாவில் சின்னவன் மனைவியின் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் ஸ்டாண்டில் நின்ற போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாம். கதவு திறந்தபோது பாய்ந்த பனிமூட்டம் படத்தை முழுக்க மறைத்துவிட்டது; பார்த்தவர்களுக்கு அது கொட்டிய நைட்ரஜனின் புகையாகவே தெரிந்தது, கதவு திறந்தது தெரியவில்லை. மூட்டம் கலைந்தபோது திரையில் விடை நின்றது. பழைய ஸ்கோரையும் மிஞ்சிய விடை. வெளிக்கடிகாரத்தோடு ஒத்துப்போன விடை.

"மாமா..." அவள் போனை நீட்டினாள். "எல்லாரும் உங்களைப் பத்தித்தான் எழுதறாங்க."

குழுவினர் எழுதியிருந்தார்கள். ஐஸ்கட்டியின் அண்ணன் என்றால் அண்ணன். உள்ளே ஆள் விழுந்தும் முத்திரையில் கை வைக்கவில்லை. எண் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்து, வந்த பிறகுதான் கதவைத் திறந்தார். இந்தக் குடும்பத்தையா திருடர்கள் என்றார்கள்? ஐஸ்கட்டி என்பது அங்கே சின்னவனின் பெயர். கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல்கள். புகார் எழுதியவனே மன்னிப்புக் கேட்டிருந்தான்.

காலையில் இதே சொற்கள் வந்திருந்தால் பெரியவர் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். இப்போது ஒவ்வொரு வரியும் முள்ளாகத் தைத்தது.

அதன் கீழே நடுவரின் கேள்வி. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். நோயாளிகள் நலம்பெறப் பிரார்த்திப்பதாகவும், படம் மறைந்துவிட்டதால் சாட்சியின் வார்த்தையையே ஏற்றுக்கொள்வதாகவும், விடை வந்தபோது முத்திரை முழுதாக இருந்ததா என்பதை மட்டும் உறுதிசெய்தால் சிவப்புப் புள்ளியை இன்றே நீக்கிவிடுவதாகவும்.

"ஆமான்னு ஒரு வார்த்தை போதும் மாமா" என்றாள் சின்னவன் மனைவி மெதுவாக. "எண் பொய் இல்லையே. வேகம் நிஜம்தானே. உங்க தம்பி மறுபடி கண்ணைத் திறக்கும்போது அந்தப் புள்ளியாவது போயிருக்கட்டும். இல்லேன்னா மாஸ்டர் அண்ணன் விழுந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வேகம் நிஜம்தான். முத்திரை என்ற நிபந்தனையே நடுவர் கேட்காதது. பெரியவர் வீம்புக்குச் சேர்த்தது.

பாப்பா அந்த வரிகளை அவர் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டிருந்தாள்.

"எண் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தியாமே அண்ணா" என்றாள்.

"உனக்குத் தெரியாதா? நீதானே பக்கத்துல நின்னே."

"நான் திரையைப் பார்க்கல. நான் அவரைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீதான் திரையைப் பார்த்தே." அவள் குரலில் சூடு இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீ சொல்றதைத்தான் நானும் நம்பணும். சொல்லு. என்ன எழுதப் போறே?"

உள்ளே ஏதோ ஒரு இயந்திரம் சீராக ஒலித்தது. ஒரு நர்ஸ் வேகமாக மாஸ்டர் கிடந்த அறைக்குள் போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. மூவரும் அந்தக் கதவையே பார்த்தார்கள். அது திறக்கவில்லை.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். போனை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, குழுவுக்கும் நடுவருக்கும் சேர்த்து எழுதினார்.

"எண் வரும்வரை நான் காத்திருந்ததாகச் சொல்லப்படுவது தவறு. கதவைத் திறந்த பிறகும் கணக்கு ஓடிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். முத்திரையைக் கிழித்தவன் நான். அந்த ஸ்கோர் செல்லாது."